உள்ளே போகாமலே பட்டர்வொர்த் விமானத் தளத்தைத் தெரிந்துகொள்வது எப்படி

பினாங்கில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போன ஒன்று. கடையில் பசியாறிக்கொண்டே பேசிக்கொண்டிருப்போம், திடீரென்று வானத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு போர் விமானம் போகும், எல்லோரும் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் "அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் கேம்ப் இருக்கு" என்று கையை நீட்டுவோம், அதோடு சரி. அந்தத் தளம் எப்போது வந்தது, உள்ளே என்ன இருக்கிறது, ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுவோம்.

இதைத் தெரிந்துகொள்ள கேட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, போகவும் விடமாட்டார்கள். தளத்தின் கதை பாதிக்கு மேல் வெளியேதான் கிடக்கிறது: வரைபடத்தில், தைப்பிங்கில் ஒரு கல்லறையில், பழைய பத்திரிகைகளில், அப்புறம் அங்கே வேலை பார்த்த நம் பெரியவர்களிடம். எங்கே தொடங்கி எப்படிப் போனால் குழப்பமில்லாமல் புரியும் என்று என் கணக்குக்கு எழுதுகிறேன்.

முதலில் செய்யக்கூடாதவை

ஆர்வக்கோளாறில் மாட்டிக்கொள்வது சுலபம், அதனால் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வேலியில் தொங்கும் சிவப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள், ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்ட எதிரே ஒருவன் கையைத் தூக்கி நிற்பான். தடைசெய்யப்பட்ட பகுதிகளையும் இடங்களையும் பற்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது. பல பலகைகளில் தமிழிலும் எழுதியிருப்பதால் புரியவில்லை என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. வேலியோரம் வண்டியை நிறுத்தி உள்ளே போனை நீட்டாதீர்கள். வாசலையும் காவலில் நிற்பவர்களையும் படம் எடுக்காதீர்கள். டிரோனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், விமான நிலையத்தைச் சுற்றி அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது தனிக் குற்றம். எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நேரலை போடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள். வரலாறு தேடுகிறவருக்கு இதில் எதுவும் தேவைப்படாது.

ஓடுபாதையிலிருந்து தொடங்குங்கள்

போனில் எந்த வரைபடத்தை வைத்திருந்தாலும் சரி, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு வடக்கே, பாகான் ஆஜாமைத் தாண்டி தெலுக் ஆயர் தாவார் பக்கம் பாருங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில், வடக்குத் தெற்காக ஒரு நேர்க்கோடு தெரியும். அதுதான் ஓடுபாதை. இரண்டு முனையிலும் 18, 36 என்று எண் இருக்கும். திசைகாட்டியில் 180 பாகை தெற்கு, 360 பாகை வடக்கு, கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் அந்த எண் வந்துவிடும். உலகத்தில் எந்த ஓடுபாதைக்கும் இதே கணக்குத்தான். தெற்கிலிருந்து காற்று அடித்தால் விமானங்கள் வடக்கே குவாலா மூடா பக்கமிருந்து வந்து இறங்கும், காற்று மாறினால் பட்டர்வொர்த் பக்கமிருந்து வரும். சில நாள் உங்கள் வீட்டு மேலே சத்தம் அதிகமாகவும் சில நாள் ஒன்றுமே கேட்காமலும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீளம் 2,438 மீட்டர், அதாவது பழைய கணக்கில் சரியாக 8,000 அடி. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,352 மீட்டர். பயணிகள் விமானத்துக்குக் கட்டியதற்கும் போர் விமானத்துக்குக் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த 8,000 அடி ஒரே மூச்சில் வந்ததல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஓடுபாதைக்கு இணையாக ஓடும் பாதை, விமானங்கள் நிறுத்தும் தளம், கொட்டகைகள், கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு நிலையம் இதெல்லாம் எந்த இராணுவ விமானத் தளத்திலும் இருக்கிற அடிப்படை அமைப்புகள். எது எங்கே என்று கட்டடம் கட்டடமாகக் குறிக்கிற வேலை வேண்டாம், அது வரலாறு இல்லை, வேறு ஏதோ ஆகிவிடும்.

அடுத்தது தைப்பிங் போங்கள்

பட்டர்வொர்த்தைத் தெரிந்துகொள்ள ஏன் தைப்பிங் என்றால், தளத்தின் மிகப் பெரிய கதையின் முடிவு அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆகாயப்படை பட்டர்வொர்த் தளத்தை 1941 அக்டோபரில் அதிகாரபூர்வமாகத் திறந்தது. மலாயாவின் வடக்கை ஜப்பானியரிடமிருந்து காக்க வேண்டும் என்பது திட்டம். இரண்டு மாதம் போல ஓடியிருக்கும், டிசம்பர் 8 விடியற்காலையில் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையில் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கிவிட்டார்கள். சிங்கோரா என்பது இன்றைய சோங்க்லா, ஹட்யாய்க்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான்.

மறுநாள், டிசம்பர் 9, சிங்கோரா விமானத் தளத்தைத் தாக்குவதற்காகப் பட்டர்வொர்த்தில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் தயாராக நின்றன. 62-ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் முதல் ஆளாக மேலே ஏறினார். அவர் ஏறின அதே நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து, கீழே கிளம்பத் தயாராக நின்ற மற்ற எல்லாவற்றையும் பறக்க முடியாதபடி அடித்துவிட்டன. அவர் திரும்பியிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒற்றை விமானத்தோடு எல்லை தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் போர் விமானங்கள் விரட்டிச் சுட்டதில் கையிலும் முதுகிலும் படுகாயம். கூட இருந்த இருவரும் அவரை இருக்கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டார் வரை ஓட்டிவந்து, சக்கரத்தை இறக்காமல் விமானத்தின் வயிற்றைத் தரையில் தேய்த்தபடியே இறக்கினார். அந்த இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் அலோர் ஸ்டார் மருத்துவமனையில் இறந்தார், அதே மருத்துவமனையில் அவருடைய மனைவி தாதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது 28. மலாயா கைவிட்டுப்போன குழப்பத்தில் இந்த விவரம் மேலிடத்துக்கே போய்ச் சேரவில்லை, போர் முடிந்த பிறகு 1946-ல்தான் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை அறிவித்தார்கள்.

அவருடைய கல்லறை தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் தைப்பிங் போய், நிலையத்திலிருந்து கிராப் வாடகைக் கார் எடுத்தால் போதும், புக்கிட் லாருட் போகிற வழியில் ஏரிப் பூங்காவைத் தாண்டி வரும். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அதில் 500-க்கும் மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. சாலை நடுவில் போகிறது, ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் இந்திய இராணுவத்தில் இருந்த இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கார்ஃபின் கல்லறையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சாலையைக் கடந்து அந்தப் பக்கமும் போய்ப் படியுங்கள், ஒரு கல் விடாமல் படியுங்கள். மலாயாப் போரில் செத்தவர்களில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்பது பள்ளிப் பாடத்தைவிட அங்கே தெளிவாகத் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பினாங்குத் தீவில் பார்க்க வேண்டியவை

டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட்டன. அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்திராத ஜனங்கள் ஒளிந்துகொள்ளாமல் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனாலேயே சாவு அதிகம். பட்டர்வொர்த்திலிருந்து பஃபலோ என்ற குட்டை விமானங்கள் எதிர்த்துப் பறந்தன, ஆனால் ஜப்பானியருக்கு அவை ஈடே இல்லை. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விட்டுப்போன ஊரில் நிர்வாகத்தைக் கையில் எடுத்த உள்ளூர்க் குழுவுக்கு முன்னால் நின்றவர் ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும், இனி இங்கே படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் அறிவிக்கச் செய்தவரும் அவர்தான். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். கோட்டைக்குப் போகிறவர்கள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கொடிக்கம்பத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். விமானத் தளம் கையைவிட்டுப் போனால் அதற்குப் பின்னால் இருக்கிற ஊருக்கு என்ன ஆகும் என்பது இந்த ஒரு சம்பவத்தில் விளங்கிவிடும்.

தீவில் இன்னொரு தடயம் தஞ்சோங் பூங்கா பக்கம், ஹில்சைட்டில். ஆஸ்திரேலிய ஆகாயப்படைக் குடும்பங்கள் நிறைய அங்கேதான் வாடகைக்கு இருந்தன. தீவையும் பட்டர்வொர்த் பக்கத்தையும் இணைக்கும் பாலம் 1985-ல்தான் வந்தது, அதுவரை ஆண்கள் பெர்ரியில் வேலைக்குப் போய் பெர்ரியில் திரும்பினார்கள், பிள்ளைகளுக்குத் தீவிலேயே தனிப் பள்ளிக்கூடம் இருந்தது. வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய கல்லறைகளும் இருக்கின்றன. பெர்ரியில் இப்போது ஆட்களும் மோட்டார்சைக்கிளும் மட்டும்தான், காரில் வருகிறவர்கள் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் காலம்

இந்தப் பகுதியில்தான் ஓடுபாதையின் நீளம் வேலைக்கு வருகிறது. போர் முடிந்ததும் ஜப்பானியக் கைதிகளை வைத்தே தளத்தைச் சரிசெய்து, 1946-ல் பிரிட்டிஷ் விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. 1948-ல் அவசரகாலம் தொடங்கியதும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைத் தாக்க இங்கிருந்து போனார்கள். ஆனால் புரொபெல்லர் விமானத்துக்குப் போட்ட பாதை ஜெட் விமானத்துக்குப் போதாது. ஜெட் வேகமாக இறங்கும், நிற்க நீளம் வேண்டும், கனத்தைத் தாங்க அடித்தளம் வேண்டும். ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் விமானத்தளக் கட்டுமானப் பிரிவு 1955-ல் வந்து 1958 வரை இருந்து ஓடுபாதையைப் புதிதாகவே போட்டுக் கொடுத்தது. 1958 ஜூலையில் தளம் ஆஸ்திரேலியர் கைக்கு மாறியது. கான்பெரா குண்டுவீச்சு விமானங்களும் சேபர் போர் விமானங்களும் வந்தன, 1967 முதல் மிராஜ் போர் விமானங்கள்.

நடுவில் இந்தோனேசியாவோடு மோதல் வந்தபோது பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களும் இங்கே வந்து தங்கின, பிளட்ஹவுண்ட் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணைகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பலருக்குத் தெரியாத விஷயம் வியட்நாம் போர். அங்கே காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர்களை ஊருக்கு அனுப்பும் வழியில் பட்டர்வொர்த் தளத்து மருத்துவமனையில் இறக்கி, கவனித்து, பிறகு மேலே அனுப்பினார்கள். 1970 முதல் ஆஸ்திரேலியத் தரைப்படையின் ஒரு ரைபிள் கம்பெனியும் (காலாட்படைப் பிரிவு) மாறி மாறி வந்து தங்குகிறது. வந்தது பயிற்சிக்கா காவலுக்கா என்று அந்தப் பழைய வீரர்கள் தங்கள் அரசோடு பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள், தேடிப் படித்தால் சுவாரசியமாக இருக்கும்.

1971-ல் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஐந்தும் சேர்ந்து ஒரு தற்காப்பு ஏற்பாடு செய்துகொண்டன. மலேசியாவையோ சிங்கப்பூரையோ யாராவது தாக்கினால் ஐந்து நாடும் உடனே கலந்து பேசும் என்பதுதான் அதன் சாரம், சண்டைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் ஒருங்கிணைந்த வான் தற்காப்புத் தலைமையகம் பட்டர்வொர்த்தில் இன்றும் இருக்கிறது, தலைவர் ஓர் ஆஸ்திரேலிய ஏர் வைஸ் மார்ஷல். 1988-ல் தளம் அரச மலேசிய ஆகாயப்படைக்குக் கைமாறிய பிறகும் ஆஸ்திரேலியச் சீருடையைப் பட்டர்வொர்த் பக்கம் அவ்வப்போது பார்க்கிறோமே, காரணம் இதுதான்.

மேலே போகிறது எது என்று கண்டுபிடிக்க

இரண்டு வகையைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வால் பக்கம் இரண்டு இறக்கை வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்க, இரட்டை எஞ்சினோடு காதைப் பிளந்துகொண்டு போவது எஃப் ஏ 18 டி ஹார்னெட், 18-ஆவது ஸ்குவாட்ரனுடையது. 1997-ல் எட்டு வாங்கினார்கள், எல்லாமே இரண்டு பேர் உட்காருகிறவை. ஒற்றை வால், ஒற்றை எஞ்சின், அளவில் சின்னது என்றால் ஹாக், 15-ஆவது ஸ்குவாட்ரன். 2013 மார்ச்சில் சபாவின் லஹாட் டத்துவில் ஊடுருவல்காரர்கள் மேல் குண்டு போட்டவை இந்த இரண்டு வகைதான். பயணிகள் விமானம் மாதிரியே இருக்கிறது ஆனால் உடம்பெல்லாம் சாம்பல் நிறம் என்றால் ஆஸ்திரேலியாவின் பி 8 கடல் கண்காணிப்பு விமானமாக இருக்கலாம். அதற்கு முன் இருந்த நான்கு எஞ்சின் ஒரையன் விமானங்கள் 2014-ல் எம்எச் 370 பயணிகள் விமானம் காணாமல் போனபோது இங்கிருந்து தேடப் போயின.

பார்க்க நல்ல இடம் ரொபினா கடற்கரை. பொது இடம், நிழல் இருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். வடக்கே குவாலா மூடா வரை அந்தச் சேற்றுக் கரை முழுக்க வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற இடம், பைனாகுலரோடு நான்கு பேர் ஏற்கெனவே நிற்பார்கள். கேமராவைப் பறவை பக்கமும் கடல் பக்கமும் திருப்பிக்கொள்ளுங்கள், தளத்தின் பக்கம் வேண்டாம். ஹார்னெட்டைக் கிட்டத்தில் பார்த்தே ஆக வேண்டும், படமும் எடுக்க வேண்டும் என்கிறவர்கள் லங்காவியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் லீமா என்ற விமான, கடல்சார் கண்காட்சிக்குப் போய்விடுங்கள். ஆகாயப்படை தினம் ஜூன் 1, அதையொட்டி எங்காவது பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்களா என்று அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துவைப்பது நல்லது.

பத்திரிகையும் பெரியவர்களும்

வீட்டிலிருந்தே தேட வேண்டும் என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம்தான் முதல் இடம். ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ, நம் தமிழ் முரசு எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரோடு சேபர், மிராஜ், கான்பெரா என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஆண்டையும் குறுக்கிக்கொண்டு தேடுங்கள், வெறும் பட்டர்வொர்த் என்று போட்டால் கால்பந்து முடிவும் நிலம் விற்பனையும் வந்து கொட்டும். தமிழ் முரசில் எழுத்துத் தேடல் சரியாக வேலை செய்யாது, தேதி தெரிந்தால் அந்த நாளின் பக்கங்களைப் புரட்டுவதுதான் வழி. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் என்ற இணையத் தொகுப்பு, கான்பெரா நகரில் இருக்கிற ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் படத் தொகுப்பு இரண்டும் இலவசம். படங்களில் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உள்ளூர் ஆட்களையும் கவனியுங்கள், கீழே பெரும்பாலும் ஆஸ்திரேலியர்களின் பெயர் மட்டும்தான் போட்டிருக்கும்.

அந்தப் பெயர் போடாத ஆட்களில் சிலர் இன்னும் நம் தாமான் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். டிரைவர், கிராணி, சமையல்காரர், மெக்கானிக், வீட்டு வேலையும் பிள்ளை பார்க்கிற வேலையும் செய்த அம்மாக்கள். அவர்களிடம் போய் "தாத்தா, கேம்ப் வரலாறு சொல்லுங்க" என்றால் "அதெல்லாம் என்னத்தப்பா சொல்றது" என்று முடித்துவிடுவார்கள். "முதல் மாசச் சம்பளம் எவ்வளவு தாத்தா, எந்த பஸ்ஸுல போவீங்க, மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க" என்று கேளுங்கள். சம்பளத்தில் தொடங்கினால் அதிகாரி யார், எந்த விமானம் எப்போது வந்தது, 1988-ல் ஆஸ்திரேலியர்கள் கிளம்பினபோது யார் யாருக்கு வேலை போனது என்று தானாக வந்து சேரும். இப்போது தளத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்காதீர்கள், அவர்களையும் சங்கடத்தில் விடாதீர்கள்.

பேசி முடித்ததும் தளத்துக்குள் போக வைத்திருந்த பழைய பாஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற அதே பிளாஸ்டிக் பையில், ஓரம் மடங்கி, படம் மங்கி, பின்பக்கம் கையெழுத்தோடு இருக்கும். வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும் போனில் எடுங்கள். பின்பக்கத்தில்தான் தேதியும் எந்தப் பிரிவு என்பதும் இருக்கும். யாருடையது, எந்த வருடம், சொன்னவர் யார் என்பதை அன்றைக்கே அந்தப் படத்தின் பெயராகவே எழுதிச் சேமியுங்கள். பேரப்பிள்ளை ஒருவருக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டு, தாத்தா அனுமதித்தால் மட்டும் வெளியே போடுங்கள்.